நான்கு குளிர்காலத்து வேர்வை

டுலூத்,
மே 18, 1998, திங்கள்.

ரெய்னோவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. உன் உடம்பை நீ நன்றாகவே பார்த்துக்கொள்வாய். அதற்காக நம் பேஸ்மென்ட் நான்கு குளிர்காலம் பட்ட பாடு எனக்குத் தெரியும். எனக்குத்தான் சுகமில்லை. இடது காறை எலும்பு முறிந்து, கையைக் கழுத்தோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடச் சமையலறைக்கு இனி கோடை விடுமுறை கழித்துத்தான் போக முடியும். என் இடத்தில் வந்திருப்பவள் சூப்பில் உப்பே போடுவதில்லையாம். பிள்ளைகள் சொல்லி அனுப்பினார்கள்.

ஏரியில் பனிக்கட்டி எல்லாம் போய்விட்டது. வடக்குப் பக்கக் கூரை இந்த வருஷமும் ஒழுகியது. ஆள் வைத்துச் சரிசெய்தேன். உன் தங்கை சைமி வாரம் ஒருமுறை ஏலக்காய் ரொட்டியோடு வருகிறாள். நீ இங்கே இருந்தவரை வருஷத்துக்கு ஒருமுறை வந்தவள். அண்ணன் செய்ததற்குத் தங்கை ரொட்டி சுடுகிறாள், பாவம். நானும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

எப்படி விழுந்தாய் என்று நீ கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன்.

என் பழைய பச்சை சைக்கிள் ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் சொன்ன வருஷம். வெளியே முழங்கால் அளவு பனி, நடக்கக்கூட வழியில்லை. உடற்பயிற்சி மெஷின் வாங்கினால் துணி காயப்போடத்தான் ஆகும் என்று நீயே சொன்னாய். அதனால் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கும் அந்த இரும்பு ஸ்டாண்டை கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தந்தவள் நான். அதில் மாட்ட என் சைக்கிளைக் கொடுத்தவளும் நான். "உனக்கென்ன, நீ கோடையிலதானே ஓட்டுவே" என்றாய். இரண்டு குளிர்காலம் அதில் மிதித்தாய். பிறகு உனக்கென்று அந்தச் சிவப்பு சைக்கிளை வாங்கி, அடுத்த இரண்டு குளிர்காலமும் அதையே ஸ்டாண்டில் ஏற்றினாய்.

ஃபேன் ஒன்று வைத்துக்கொள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீ என்ன செய்தாய்? பக்கத்து சவுனா வேர்வைக் குளியல் அறையில் விறகடுப்பைப் பற்றவைத்து, அதன் கதவையும் திறந்து விட்டு, அந்தச் சூட்டில் உட்கார்ந்து மிதித்தாய். "வேர்க்கத்தானே ஏறி உக்காந்திருக்கேன்? நம்ம ஜனத்துக்கு வேர்வைதான் மருந்து, ஹெல்மி" என்று கேலி வேறு. முன்சக்கரத்துக்கு அடியில் குளமாக நிற்கும். துண்டு போட்டுத் துடைத்தது நான். தொப்பை கரையக் கரைய உன் காற்சட்டைகளைப் பிடித்துத் தைத்ததும் நான். யாருக்காகக் கரைகிறது என்று தெரிந்திருந்தால் ஊசியைக் கையில் எடுத்திருக்க மாட்டேன். இந்த மார்ச்சில் கடைசிப் பனி உருகுவதற்குள் நீயும் போனாய், சிவப்பு சைக்கிளும் போனது. ஸ்டாண்டை மட்டும் எனக்கு விட்டுவிட்டுப் போனாய். பெரிய மனசு.

போன வாரம் பச்சை சைக்கிளில் மேட்டுத் தெருவிலிருந்து இறங்கினேன். போன இரண்டு கோடையும் வேலைக்குப் போய்வந்தது அதில்தான், ஒரு குறையும் தெரியவில்லை. பாதி இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது ஹேண்டில்பார் இடது பக்கம் முறிந்து கையோடு வந்துவிட்டது. நடுத்தெருவில் கிடந்தபடியே பார்த்தேன். சுற்றியிருந்த டேப் பிரிந்து, உள்ளே வெள்ளை வெள்ளையாக மாவு. குழாய் முட்டை ஓடு போல மெலிந்திருந்தது.

சைக்கிள் கடைக்காரன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நம்ம ஏரி நல்ல தண்ணியாச்சே. இதை எந்தக் கடல்லம்மா கொண்டு போய் ஊறப் போட்டீங்க?" என்றான். வீட்டுக்குள் ஓட்டியது என்றதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். வெளியே ஓட்டினால் காற்றில் காய்ந்துவிடுமாம். உள்ளே ஓட்டினால் சொட்டுகிற உப்பு வேர்வையெல்லாம் டேப்புக்குள் இறங்கி, அங்கேயே தங்கி, அலுமினியத்தைத் தின்றுவிடுமாம். மேலே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்குமாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மலைச்சாலை சைக்கிள் பந்தயத்தில் நீயும் லோர்னாவும் ஓட்டப் போகிறீர்கள் என்று சனிக்கிழமை சைமி சொன்னாள். சிவப்பு சைக்கிளில்தான் என்றும் சொன்னாள். அந்த இறக்கம் எனக்குத் தெரியும். ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனாய்.

சனிக்கிழமை முழுவதும் நான் ஒன்றும் செய்யவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். என் சைக்கிள் என்னைத் தள்ளிய மாதிரி அவனுடையது அவனைத் தள்ளட்டும் என்று வயிறெரிந்தது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. நான் நல்லவளாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. நேற்று போன் செய்தேன். லோர்னா எடுத்து ஹலோ என்றாள். நம் வீட்டில் நான் சொல்கிற மாதிரியே உரிமையாகச் சொன்னாள். உடனே போனை வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம். இன்று போட்டால் வியாழனுக்குள் வந்துவிடும்.

உன் சிவப்பு சைக்கிளின் டேப்பைப் பிரித்துப் பார். வெள்ளையாக இருந்தால் ஹேண்டில்பாரைத் தூக்கி எறி. என் மேல் உள்ள கோபத்தில் பார்க்காமல் இருந்துவிடாதே.

தபாலை யார் முதலில் பிரிப்பார்களோ தெரியாது. லோர்னா, பிரித்தது நீயாக இருந்தால் மேலே எழுதியதையெல்லாம் படிக்காதே, படித்திருந்தாலும் போகட்டும். அவன் பார்க்க மாட்டான். "ஹெல்மிக்குப் பொறாமை" என்று சொல்லிச் சிரிப்பான். பதினெட்டு வருஷத்தில் நான் சொன்ன ஒன்றைக்கூட அவன் கேட்டதில்லை. நீ சொன்னால் கேட்பான். கேட்காவிட்டால் நீயே கத்தியை எடுத்து அந்த டேப்பை அறுத்துவிடு. நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லாதே.

ஹெல்மி