தண்ணீரில் போட்ட பூ

இன்று காலை பேரன் புதுக் கார் வாங்கி வந்தான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மருமகள் ஒரு வாளித் தண்ணீரில் கைநிறையச் சாமந்தியை உதிர்த்துப் போட்டு, காரைச் சுற்றித் தெளித்தாள். நனைந்த சாமந்தியின் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் நான் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். தலைவலி என்று சொன்னேன். தலைவலி இல்லை, உன் ஞாபகம்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனால் யார் என்ன சொன்னார்கள், எந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு சொன்னார்கள் என்பது வரைக்கும் மறக்காது. "அண்ணிகிட்ட எதையும் மறைக்கலாம், மறக்கடிக்க முடியாது லா" என்று நீயே சிரிப்பாய். அந்த அண்ணி உன்னிடம் மறைத்த ஒன்றைத்தான் இப்போது எழுதுகிறாள்.

என் புருஷனுக்கு ஒரே தங்கை நீ. பாயான் பாரு ஃபேக்டரியில் எட்டு வருஷம் ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு, ஒருநாள் வேலையை விட்டுவிட்டேன் என்று வந்து நின்றாய். உன் கையில் ஒரு பேப்பர் துண்டு. தண்ணீர்த் தொழில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் போட்டியாம். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் தொழிலாக இருக்க வேண்டுமாம். ஜெயித்தால் ஜார்ஜ்டவுனில் ஒரு வருஷத்துக்கு வாடகை இல்லாமல் பட்டறை. உன் அண்ணன் பேப்பரை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஜெயிச்சா பட்டறை. இல்லன்னா மறுபடியும் ஃபேக்டரி. நடுவுல ஒண்ணும் கெடையாது" என்றார்.

நீயே செய்த தண்ணீர் ஏற்றும் மெஷினுக்குக் கரண்டும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். மேலேயிருந்து பைப்பில் இறங்கி வரும் தண்ணீரின் வேகமே வால்வைப் படார் படார் என்று அடித்து மூடும். அந்த அடியில் கொஞ்சம் தண்ணீர் வேறொரு குழாய் வழியாக மேட்டுக்கு ஏறும். சுங்கை பாக்காப்பில் என் மாமா தோட்டத்து ஓடையில் அதை வைத்துக் காட்டினாயே! மேட்டிலிருந்த கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஏறியபோது மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். "பேய் கீய் புடிச்சு வச்சிருக்கியா தாயி?" என்று கேட்டார். ஓடையில் இலைதழை வரும் என்று பைப்பு வாயில் கம்பிச் சல்லடை கட்டியிருந்தாய்.

போட்டிக்குப் போன அன்று லாரியோடு ஃபெரி ஏறினோம். நீ ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மண்டபத்தில் உயரமான மேடை போட்டு அதன்மேல் டிரம்மை ஏற்றினோம். கீழே மெஷின், டிரம்முக்கும் மேலே மாடிக் கம்பியில் ஒரு வாளி. பத்து நிமிஷத்துக்குள் அந்த வாளியில் தண்ணீர் விழ வேண்டும். குழாய்த் தண்ணீர்தானே, வேகம் குறைய வேண்டாம் என்று சல்லடையைக் கழற்றினாய். ஏணியில் நின்று, டிரம்மில் தண்ணீர் இறங்க இறங்க ரப்பர் குழாயால் நிரப்புவது என் வேலை.

"மெஷினுக்குப் பொட்டு வேணா வைங்க அண்ணி. தண்ணியில மட்டும் ஒண்ணும் போட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போடப் போனாய். எனக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீரை நம்பித் தொழில் தொடங்குகிறோம், தண்ணீருக்குப் பூப் போடாமல் இரும்புக்கு மட்டும் பொட்டு வைத்தால் எப்படி? தலையிலிருந்த சாமந்தியை எடுத்து, உதிர்த்து, டிரம்மில் போட்டுக் கும்பிட்டேன். இதழெல்லாம் மேலேதான் மிதந்தது. மிதக்கிற பூ என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

உன் முறை வந்தது. வால்வைக் கையால் நாலு தரம் அமுக்கிவிட்டாய். பிறகு அதுவே அடிக்க ஆரம்பித்தது. படார், படார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. தண்ணீர் டிரம்மில் மடமடவென்று இறங்கியது. நான் விட்ட ரப்பர் குழாய் தண்ணீரைக் கலக்கியது. மஞ்சள் இதழ்கள் சுழலத் தொடங்கின. ஒன்று சுழலுக்குள் போய் மறைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

நான் பார்த்தேன். "நிறுத்து" என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால், நீ பைப்பை மூடி, இதழை அள்ளிவிட்டு மறுபடியும் தொடங்கியிருக்கலாம். நேரம் இருந்தது. கோட்டுப் போட்ட நடுவர்கள் மூன்று பேர் நோட்டோடு நின்றார்கள். என் நாக்கு எழவில்லை.

படார். அப்புறம் சத்தமே இல்லை. வால்வு பாதி மூடிய நிலையில் நிற்க, தண்ணீர் தரையில் வழிந்தது. நீ அமுக்கினாய். ஒரு அடி அடித்துவிட்டு நின்றது. மறுபடியும் அமுக்கினாய். மாடி வாளிக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை. மணி அடித்தார்கள். ஸ்பானரால் வால்வைத் திறந்தாய். உள்ளே கசங்கிய மஞ்சள் இதழ்கள்.

கோட்டுக்காரர்களில் ஒருவன், மூக்குக்கண்ணாடி, பழுப்பு டை, "புங்ஙா?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தான். பூவா என்று அர்த்தம். அவன் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீ நிமிர்ந்து என்னை ஒரே ஒரு தரம் பார்த்தாய். அப்புறம் அவனிடம் திரும்பி, "சாலா சாயா, துவான்" என்றாய். என் தப்புதான் ஐயா.

வீட்டிலும் அதையேதான் சொன்னாய். "சல்லடை போட மறந்துட்டேன் அண்ணே." பூவைப் பற்றிப் பேசவே இல்லை. நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அண்ணனிடம் ஒரு கடைசி முயற்சி செய்தாய். நம் செபராங் ஜெயா வீட்டு முன்கூடம் சும்மாதான் கிடந்தது. "அதுல சின்னதா பட்டறை போட்டுக்கறேண்ணே. ஆறு மாசம் குடுங்க, போதும்." அவர் செய்தித்தாளை மடித்தார். "ஒரு சல்லடைய ஞாபகம் வச்சுக்கத் தெரியல. நீ எங்க தொழில் நடத்தப் போற?" நான் கதவோரம் நின்றேன். அப்போதும் பேசவில்லை. திங்கட்கிழமை ஃபேக்டரி பஸ் வந்து உன்னை ஏற்றிக்கொண்டு போனது. அப்புறம் நீ மெஷினைத் தொடவே இல்லை.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஒரு தரம் திட்டியிருக்கலாமே! ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட, "அண்ணி, சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்டாய். நீ போன பதினாறாம் நாள் சாமி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது உன் அண்ணன் வந்தவர்களிடம், "நல்ல மூளைதான் என் தங்கச்சிக்கு. கவனம் மட்டும் பத்தாது" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். யார் யார் என்று என்னால் இப்போதும் பெயர் சொல்ல முடியும். ஆனால் அவர்கள்மேல் கோபப்பட எனக்கு ஏது வாய்?

இன்று மத்தியானம் எழுந்துபோய் உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். பூவை, சுழலை, நான் பார்த்துக்கொண்டே நின்றதை, எல்லாவற்றையும். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தரம்தான் கஷ்டம்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா முன்கூடத்தக் குடுத்திருப்பேனே" என்றார்.

யார் யார் என்ன சொன்னார்கள் என்பதை எல்லாம் இத்தனை வருஷம் மனசில் சுமந்தேன். பாதியை இப்போது இறக்கி வைத்துவிட்டேன், வயசாகிவிட்டது. அவர் சொன்ன இந்த ஒரு பேச்சை இறக்கி வைக்க எனக்கு இடம் தெரியவில்லை. நீ ஒரு தரம் திட்டியிருந்தால் அந்தத் திட்டின் பக்கத்தில் வைத்திருப்பேன்.