எந்த மரத்துக்கு எந்தப் பல்

7 ஜூன் 2004, திங்கள்
மரம் கழிக்கப் போன இடத்தில் இவர் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். தோள் இறங்கிவிட்டது. மூன்று வாரத்துக்கு மரம் அறுக்கிற செயின் மிஷினைத் தொடக் கூடாதாம். "வாயை?" என்று கேட்டேன். டாக்டரம்மா சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

9 ஜூன்
நேற்றுக் காற்றில் குஷாய்குடா குவார்ட்டர்ஸ் வாசலில் பட்டுப்போன புளியமரம் விழுந்து ரோட்டை அடைத்துக்கொண்டது. குவார்ட்டர்ஸ் ஆபீஸ் விஸ்வநாத் சார் அறுத்துத் தரச் சொல்லி ஆள் அனுப்பினார். வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடலாம் என்றார் இவர். நான் அறுக்கிறேன் என்றேன்.

"அரம் போடுறது வேற, அறுக்கிறது வேற, கிளி."

பன்னிரண்டு வருஷமாக அரத்தால் செயினில் ஒவ்வொரு பல்லாகக் கூர் வைத்தது யார்? கொல்லையில் விறகு துண்டு போடுவது யார்? நாலாங்கிளாஸ்தான் படித்தேன், ஆனால் பல்லைப் பார்த்தால் எந்த மரத்துக்கு என்று தெரியும். ஒரு தடவையாவது பெரிய மரத்தை என் கையால் அறுக்கணும். சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே.

10 ஜூன்
இவரோடு செயின் சண்டை. புதுசாக வாங்கிய கூர்மூலைப் பல்லைத்தான் மாட்டணுமாம். அது பச்சை மரத்தில் வாழைத்தண்டை நறுக்குகிற மாதிரி போகும், சரி. இது காய்ந்த புளி, இரும்பு. அடிமரத்தில் வருஷா வருஷம் சுண்ணாம்பும் காவியும் அடித்திருக்கிறார்கள், மண் வேறு அப்பியிருக்கிறது. பத்து நிமிஷத்தில் மூலை போய்விடும். உருட்டுமூலைப் பல் மெதுவாகத்தான் அறுக்கும், ஆனால் தாங்கும்.

"அது குதிரை. இது கழுதை. நமக்குக் கழுதைதான் வேணும்," என்றேன்.

"கழுதையோட அருமை உனக்குத்தான் தெரியும்."

"பதினெட்டு வருஷமா ஒண்ணைக் கட்டி மேய்க்கிறேனே."

செயின் பெட்டியை என் பக்கம் தள்ளினார். உருட்டுமூலைதான்.

11 ஜூன்
மானம் போச்சுன்னு நினைச்சேன். சுற்றி அத்தனை ஜனம். மிஷினை மரத்தில் வைத்தால் புகை வருது, தூள் வரலை. கருகின வாசனை. குனிந்து பார்த்தேன் — பதட்டத்தில் செயினைத் திருப்பி மாட்டியிருக்கேன். பல்லெல்லாம் பின்பக்கம் பார்க்குது. நானா? அரம் போட்ட நானா?

இவர் கத்தப் போகிறார் என்று நின்றேன். கத்தவில்லை. நல்ல கையால் வெயில் குடையை விரித்து என் முன்னால் வந்து நின்றார். "மிஷின் சூடேறணும் சார்," என்று விஸ்வநாத் சாரிடம் சத்தமாகச் சொல்லிவிட்டு, எனக்கு மட்டும், "கழட்டி மாட்டு, நான் மறைச்சுக்கிறேன்."

அப்புறம் என்ன. தூள் அவல் மாதிரி கொட்டியது. மாவாக வர ஆரம்பித்தால் பல் மழுங்கிவிட்டது என்று நிறுத்தி அரம் போட்டேன், மூன்றே தடவை. வழி கிடைக்கக் காத்திருந்த ஆட்டோக்காரர், "ஏம்மா, வீட்ல ஆம்பளை இல்லையா?" என்றார்.

"இருக்காரு. குடை பிடிக்கிறாரு."

சாயங்காலம் ரோடு திறந்தது.

12 ஜூன்
உடம்பெல்லாம் வலி. பேனா பிடிக்க விரல் மடங்கலை. சந்தோஷம்.

5 ஜூலை
இவர் தோள் சரியாகிவிட்டது. இன்று நாச்சாரத்தில் ஒரு கம்பெனி பின்னால் நாலு பச்சைத் தைலமரம். பச்சைக்குக் கூர்மூலைதான் என்று நானே எடுத்து வைத்தேன். மேஸ்திரி யார் என்று மேனேஜர் கேட்டார். இவர் தாடையால் என்னைக் காட்டிவிட்டு, ஒரு செங்கல்லைப் போட்டு உட்கார்ந்து அரத்தைக் கையில் எடுத்தார். பல்லைக் கொஞ்சம் அதிகமாகவே தேய்க்கிறார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.