ஞானமணிக்குக் கேட்டேன், கிடைத்தது

சித்தூர்
14-6-60

அருமை மகள் கிருபாவதிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் காத்ததால் இன்றுவரை நடமாடிக்கொண்டிருக்கிறேன், நாக்பூர் வெயிலிலும் ஆஸ்பத்திரி வேலையிலும் உன்னையும் அவரே காக்க வேண்டும். பள்ளிக்கூடம் திறந்து போர்டிங் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், அடுப்பு மறுபடி என் தலையில். உன் நைனா லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் ரயில் ஏறிக் குடுபல்லிக்குப் போய்விட்டார். வயிற்றுவலி விடவில்லை. அங்கே தானே பொங்கி ஊறுகாயோடு துன்னால் வேறென்ன ஆகும்.

இனி முக்கியமான சங்கதி. தியோடர் வாத்தியாருக்குத் திருத்தணியில் வேலை கிடைத்துவிட்டது. ஞானமணி மூட்டை கட்டிக்கொண்டு புருஷனோடு போய்விட்டாள். ஆந்திரா பிரிந்த வருஷம் தமிழ்ப் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லி இங்கே தமிழ் சொல்லிக்கொடுத்த இரண்டு பேரில் அவரைப் பலமநேருக்கும் உன் நைனாவைக் குடுபல்லிக்கும் தூக்கிப் போட்டது உனக்குத் தெரியும். பிள்ளைகள் எங்கே குறைந்தார்கள், காகிதத்தில்தான் குறைந்தார்கள். இப்போது எல்லை பிரித்துத் திருத்தணியை மெட்ராஸ் பக்கம் கொடுத்ததும் இரண்டு பேரும் அங்கே மாற்றல் கேட்டு எழுதினார்கள். தியோடர் அந்தப் பக்கம் பிறந்தவர், அதனால் உண்டாம். உன் நைனா கங்காதர நெல்லூரில் பிறந்துவிட்டார், அதனால் இல்லையாம். கோடு போட்டவர்கள் எவரும் ஒரு நாளாவது பெண்டாட்டி பிள்ளையை விட்டுத் தனியாகச் சோறு பொங்கியிருப்பார்களா?

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நம் பாஸ்டர் அம்மா வைத்த சட்டம் உனக்கு நினைவிருக்கும். தன் குறையைத் தானே கேட்கக் கூடாது, இரண்டு பேர் ஜோடி சேர்ந்து ஒருத்தியின் குறையை மற்றவள் கேட்க வேண்டும். இத்தனை வருஷமும் ஞானமணிதான் என் ஜோடி. அவள் புருஷனுக்கு நான் கேட்டேன், என் புருஷனுக்கு அவள் கேட்டாள். நான் கேட்டது பலித்தது, அவள் கேட்டது பலிக்கவில்லை. நன்றி சொல்லும் ஆராதனையில் அவள் எழுந்து, எல்லாம் தபீதா அக்கா ஜெபத்தால் வந்தது என்று என்னையே காட்டிவிட்டாள். சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குச் சிரிக்கவும் வரவில்லை, அழவும் முடியவில்லை, அவள் புதுப் புடவையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தால் மகளுக்கு வரன் தேடும் யோவாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் நீயே கேளுக்கா, உன் வாய் பலிக்குது" என்கிறாள். ஊருக்கெல்லாம் பலிக்கிற வாய் எனக்கு மட்டும் எதற்கு என்று வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

ஞானமணி விடைபெற வந்தபோது அடக்க முடியாமல் கேட்டேவிட்டேன், "நெஜத்தைச் சொல்லு, எங்க வூட்டுக்காரருக்கு நீ ஜெபம் பண்ணியா இல்லியா?" அவள் தலை குனிந்தாள். "பண்ணிக்கினுதான் இருந்தேங்க்கா. கடைசியா ஒரே எடம்தான் காலின்னு பேச்சு வந்திச்சே, அப்ப மட்டும் என்னால வாயத் தொறக்க முடியல. பயந்துட்டேன்" என்று அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அதே நாட்களில் நான் அவளுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாய் கேட்டது, மனசு வேண்டாம் வேண்டாம் என்றது. கர்த்தர் வாயைத்தான் கேட்டிருக்கிறார்.

காபிகூடக் கொடுக்காமல் அவளை அனுப்பிவிட்டேன். பிறகு உலை வைத்துக்கொண்டே யோசித்தேன். அவள் கேட்காமல் விட்டதால்தான் நமக்குக் கிடைக்கவில்லை என்று நான் நம்பினால், கர்த்தரும் சிபாரிசு பார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆபீசர் ஆகிவிடுவார். அப்படிப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன், அப்படி ஒருவர் முன்னால் முழங்கால் போட என்னால் முடியாது. ஞானமணியின் பயத்தைவிட அவர் பெரியவராகத்தான் இருக்க வேண்டும். ஏன் தாமதம் என்று எனக்குத் தெரியவில்லை, கோபமும் போகவில்லை, ஆனால் அவரை விடவும் மாட்டேன். உன் நைனாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் சிரித்தார். "மாத்தல் அவரு குடுக்கும்போது குடுக்கட்டும், நீ ஒரு தபா அங்க வந்து ரசம் வெச்சுட்டுப் போ" என்றார். இந்தப் போர்டிங் சமையலை நாலு நாள் விட்டால் வேலையோடு பள்ளிக்கூடம் கொடுத்த இந்த வீடும் போய்விடும் என்பது தெரியாதவர் போலப் பேசுகிறார்.

இப்போது எனக்கு ஜோடி இல்லை. பாஸ்டர் அம்மா யோவாளைச் சேர்க்கிறேன் என்றார்கள். வேண்டாம், அவள் மகளுக்கு வரன் வந்துவிட்டால் எனக்கு வயிறு எரியும் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும். நீ என் ஜோடியாக இரு கிருபா. வெள்ளிக்கிழமை எந்த வார்டில் நின்றாலும் நைனாவுக்காக ஒரு வார்த்தை கேள். உனக்கு நான் கேட்கிறேன், ஆனால் என்னவென்று கேட்பது? உன் கடிதம் எல்லாம் சௌக்கியம், சௌக்கியம் என்றே வருகிறது. அவ்வளவு தூரத்தில் தனியாக இருக்கிற பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்றால் நான் நம்புவேனா? அழுதிருந்தால் அழுததை எழுது. உனக்கு முதலில் கிடைத்துவிட்டால் பொறாமைப்பட மாட்டேன் என்று நினைக்கிறேன். பட்டாலும் உனக்கு மறைக்க மாட்டேன்.

நோயாளிகளைத் தொடுகிற உன் கைகளைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. வேளைக்குச் சாப்பிடு. பதிலைக் கார்டில் எழுதாதே, இங்கே எல்லோரும் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள், இன்லண்டில் எழுதி நன்றாக ஒட்டி அனுப்பு.

உன் குறைக்காகக் காத்திருக்கும் அம்மா,
ஜெ. தபீதாள்