சைக்கிள் ஏறிய கார்ப்பரல்

கம்போங் கப்போர் ரோடு,
சிங்கப்பூர்.
9.3.1958

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கார்டு புதன்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் குறைந்தது என்று எழுதினால் பாதிதான் குறைந்திருக்கும் என்று நான் எடுத்துக்கொள்வேன். தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டப் போகும்போது முழங்காலில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். அம்மா இருந்திருந்தால் அவளே சுற்றிவிட்டிருப்பாள்.

இங்கே ஒரு செய்தி இருக்கிறது. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் வீட்டுக்காரரைப் பற்றியது என்பதால் நீங்கள் இந்த இடத்திலேயே கடிதத்தை மடித்துவிடக்கூடும். மடிக்காதீர்கள். சிரிப்பு வருகிற செய்திதான்.

அவர் ஐந்து வருடமாக ரோந்துக் கார் ஓட்டுவது உங்களுக்குத் தெரியும். போன மாதம் ஸ்டேஷனுக்குப் புதிதாக ஒரு வெள்ளைக்காரத் துரை வந்திருக்கிறார். தேக்கா பக்கத்துச் சந்துகளில் கார் நுழைய முடியவில்லை, காரில் போகிற போலீஸ்காரனுக்கு ஜனங்களின் முகமும் தெரிவதில்லை, அதனால் பகலில் சைக்கிளில் ரோந்து போய்ப் பார்க்கலாம் என்கிறார் அவர். ஏப்ரலிலிருந்து நான்கு மாதம் சோதனை. இவர் தமிழ் பேசுகிறவர் என்பதால் முதல் பெயராக ‘கார்ப்பரல் தங்கராஜு’ என்று போட்டுவிட்டார்கள். இவரும் சல்யூட் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சோற்றில் கை வைக்கவில்லை. நான் விடாமல் கேட்டபிறகு, ‘எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது சந்திரா’ என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை அப்பா. அவர் பிறந்து வளர்ந்தது தஞ்சோங் பகாரில், துறைமுகக் கூலிகளின் லயத்து வீடுகளில். அங்கே யாரிடமும் சைக்கிள் இல்லை. போலீசில் சேர்ந்ததும் நேரே ஜீப்பைக் கொடுத்தார்கள், பிறகு கார். ஸ்டேஷனில் இதைச் சொன்னால் சார்ஜன்ட் அஸ்மத் பென்ஷன் வாங்கும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். நான் சொல்லித் தருகிறேன் என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

அதை இப்போது உங்களிடமும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்குப் பதினொரு வயதில், நீங்கள் மத்தியானம் வேலை முடிந்து தூங்கும்போது உங்கள் சைக்கிளை எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். பின்பக்க மட்கார்டு நசுங்கியது ஆடு முட்டியதால் அல்ல.

டன்லப் ஸ்டிரீட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முகைதீன் காக்கா விடியற்காலையில் ஒரு சைக்கிள் தருகிறார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆறு மணிக்கு முன்னால் ஃபேரர் பார்க் திடலுக்குப் போகிறோம். இவர் ஏறி உட்காருகிறார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் சீட்டைப் பிடித்தபடி ஓடுகிறேன். காரில் பிரேக் காலில் இருக்கிறதல்லவா, அந்தப் பழக்கத்தில் நிறுத்த வேண்டும் என்றால் காலால் காற்றை மிதிக்கிறார். முதல் நாள் நான்கு முறை விழுந்தார். இரண்டாம் நாள் ஆறு. மூன்றாம் நாள் விழுந்து எழுந்து பார்த்தால், பால் கேன் மாட்டிய சைக்கிளில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு பால்காரர் கோவிந்தசாமி நிற்கிறார். பெடலை மிதித்துக்கொண்டு போய்விட்டார். மத்தியானத்துக்குள் சிராங்கூன் ரோடு முழுக்கப் பரவிவிட்டது. ‘நம்ம போலீஸ்காரர் கீழ விழுந்ததை நான் பார்க்கவே இல்லைங்க’ என்று பால் ஊற்றிய வீட்டிலெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்.

அப்பா, நீங்கள் என் கல்யாணத்தன்று சொன்னதை நான் மறக்கவில்லை. தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது போலீசார் காரில் வந்து உங்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அதனால்தான், ‘கார்ல வந்து எறங்குறவன் வீட்டுப் படிய நான் மிதிக்க மாட்டேன்’ என்றீர்கள். அந்தப் பதினொரு நாளும் இவர் உங்கள் பக்கமே இல்லை, சிங்கப்பூரில் பயிற்சியில் இருந்தார். இதை எத்தனை முறை எழுதினாலும் உங்கள் பதிலில் அதைப் பற்றி ஒரு சொல் இருப்பதில்லை. நான் உங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் அவரும் கூடவே வந்து, உங்கள் வாசலுக்கு வராமல் தோட்டத்து முச்சந்திக் கோப்பிக் கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். உங்களுக்கு இது தெரியுமோ என்னவோ.

தைலம் வாங்கித் தேய்க்கவும்.

உங்கள் அன்பு மகள்,
சந்திரமதி

~

கம்போங் கப்போர் ரோடு
18.5.1958

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே இருவரும் சுகம். ‘மட்கார்டு விஷயம் அப்பவே தெரியும். தோட்டத்தில் ஏது ஆடு?’ என்று எழுதியிருந்தீர்கள். பதினைந்து வருடம் தெரியாததுபோல் இருந்திருக்கிறீர்களே.

அவர் சைக்கிள் பழகிவிட்டார். ஏப்ரல் முதல் தேதி காக்கிச் சீருடையில், கறுப்பு சைக்கிளில், விறைப்பாகக் கிளம்பிப் போனார். கடை வாசல்களின் ஐந்தடிப் பாதையில் நின்றவர்கள் கை தட்டினார்களாம். கோவிந்தசாமிதான் ஏற்பாடு செய்திருப்பார்.

ஆனால் இந்தச் சைக்கிள் நல்லதா கெட்டதா என்று தேக்காவே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நகைக்கடை அழகப்பன் கார்தான் வேண்டும் என்கிறார். ‘காரைப் பார்த்தா திருடனுக்குப் பயம் வரும். சைக்கிளைப் பார்த்தா யாருக்கு லா பயம் வரும்?’ என்று இந்த ஊர் ‘லா’ போட்டுக் கேட்கிறார். கோயில் வாசலில் பூக்கட்டும் பூவம்மா வேறு கட்சி. ‘அஞ்சு வருஷமா அந்தக் கார் என் முன்னாடிதான் போச்சு, வந்துச்சு. உள்ள இருக்கிறது ஆணா பெண்ணான்னே எனக்குத் தெரியாது. இப்பதான் உங்க வீட்டுக்காரருக்கு முகம்னு ஒண்ணு இருக்குதுன்னு தெரியுது’ என்று என்னிடமே சொன்னாள்.

போன வெள்ளிக்கிழமை அழகப்பன் கட்சி ஜெயித்துவிட்டது. கோயிலிலிருந்து வந்த ஒரு அம்மாளின் சங்கிலியை ஒருவன் அறுத்துக்கொண்டு, தயாராக நின்ற டாக்சியில் ஏறிப் பறந்துவிட்டான். இவர் ரேஸ் கோர்ஸ் ரோடு முனைவரை மிதித்துப் பார்த்திருக்கிறார். பிடிக்க முடியுமா? திரும்பி வந்தபோது எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். ‘திருடன் டாக்சியில, போலீஸ் சைக்கிள்ல’ என்று யாரோ சொன்னது இவர் காதில் விழுந்திருக்கிறது. அந்த அம்மாள் அழுதது அதைவிட அதிகமாக வலித்ததாம். அன்று கார் இருந்திருந்தால் நான் பிடித்திருப்பேன் என்றார். நான் ஆறுதல் சொல்லவில்லை. அது உண்மைதானே.

ஆனால் அப்பா, வேறு ஒன்றையும் பார்க்கிறேன். முன்பெல்லாம் வேலை முடிந்து வந்தால் எனக்குச் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்காது. கார் சத்தத்திலும் வயர்லெஸ் இரைச்சலிலும் நாள் போய்விடும். இப்போது வாய் ஓய்வதில்லை. எந்தச் சந்தில் யாருக்கு அம்மை போட்டிருக்கிறது, எந்தக் குழாயடியில் யார் யாரோடு பேசுவதில்லை, மத்தியானம் எந்த நேரத்துக்கு யார் தூங்குவார்கள், எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறார். நேற்று ஆமினா பீவி, அடுத்த தெருவில் இட்லி விற்கிறவள், சைக்கிளை நிறுத்தித் தன் மகனுக்கு ஸ்கூல் மனு எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள். காரை யார் அப்பா நிறுத்துவார்கள்?

துரை ஜூலை முடிவில் தீர்மானிப்பாராம். சங்கிலி போனதைப் பற்றி அழகப்பன் மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார். என்ன ஆகுமோ தெரியவில்லை.

உங்கள் அன்பு மகள்,
சந்திரமதி

~

கம்போங் கப்போர் ரோடு
3.8.1958

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லோரும் நலம். கோவிந்தசாமியும் நலம், மாடுகளும் நலம். பேப்பரில் ஏதாவது பார்த்துப் பயந்திருப்பீர்களோ என்றுதான் இதை முதலில் எழுதுகிறேன்.

போன வாரத்துக்கு முந்திய வியாழன் மத்தியானம் மூன்று மணிக்கு நான் தேக்கா மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஏழெட்டு மாடுகள் சிராங்கூன் ரோட்டுக்கு நடுவில் ஓடி வந்தன. பின்னால் ஒரே புகை. பஸ் நின்றது, லாரி நின்றது. இவற்றுக்கெல்லாம் பின்னால் ரோந்துக் கார் மணியடித்துக்கொண்டு நிற்கிறது, மாடுகள் வழி விட்டால்தானே? கார் கதவைத் திறந்துகொண்டு இறங்கி சார்ஜன்ட் அஸ்மத் மாட்டை ‘ஹை ஹை’ என்று விரட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மாடுகள் யாருடையவை என்று தெரிந்ததும் சிரிப்பு போய்விட்டது.

நடந்தது இதுதான். கோவிந்தசாமியின் கொட்டகை பஃபலோ ரோட்டுக்குப் பின்னால், இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்துக்குள் இருக்கிறது. கொசுவுக்காகப் போட்டிருந்த புகைச் சட்டியிலிருந்து வைக்கோலில் நெருப்புப் பிடித்திருக்கிறது. இவர் அடுத்த சந்தில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர், வைக்கோல் கருகும் வாசனையில் திரும்பியிருக்கிறார். அங்கே போனபோது கூரை ஓரம் பற்றிவிட்டது. வெளியே கூடியிருந்தவர்கள் உள்ளே மாடுதான் இருக்கிறது, ஆள் இல்லை என்றார்களாம். இவருக்குத் தெரியும், இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில் கோவிந்தசாமி உள்ளே கயிற்றுக் கட்டிலில் தூங்குவார் என்று. தினமும் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே தாண்டிப் போகிறவர் இவர். கதவை உதைத்துத் திறந்து, கோவிந்தசாமியைக் கட்டிலோடு இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பிறகு மறுபடியும் உள்ளே போய் மாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டார்.

இவருக்கு இடது முழங்கையில் தீக்காயம். ஆஸ்பத்திரியில் மருந்து போட்டார்கள், ஆறிக்கொண்டு வருகிறது. கோவிந்தசாமி தினமும் ஒரு படி பால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். ‘அன்னிக்கு ஃபேரர் பார்க்குல நீங்க விழுந்ததை நான் பார்த்தது தப்பும்மா’ என்று என்னிடம் அழுதார். விழுந்தது நானில்லையே என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மறுவாரம் துரை எல்லோரையும் வைத்துக்கொண்டு இவரிடம் அபிப்பிராயம் கேட்டிருக்கிறார். சைக்கிள்தான் வேண்டும் என்று சொல்வார் என்று நானும் நினைத்தேன். இவர் இரண்டும் வேண்டும் என்றாராம். அன்றைக்குத் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டது ரோந்துக் காரின் வயர்லெஸ்தான், அது இல்லாவிட்டால் சந்து முழுக்க எரிந்திருக்கும், சங்கிலித் திருடனையும் கார்தான் பிடித்திருக்கும் என்று சொல்லியிருக்கிறார். பிறகு, ‘ஆனா ஒருத்தர் உள்ளே தூங்குறாருன்னு காருக்குத் தெரியாது சார்’ என்றாராம். துரைக்கு இங்கிலீஷில் சொன்னதை எனக்குத் தமிழில் சொல்லிக்காட்டினார். இனி மெயின் ரோட்டுக்கும் இரவுக்கும் கார், பகலில் சந்துகளுக்கு சைக்கிள் என்று முடிவாகிவிட்டது. அழகப்பன் தன் மனுவைத் திரும்ப வாங்கவில்லை. ‘எனக்குக் கார், சந்துல இருக்கிறவங்களுக்குத் தங்கராஜு. ரெண்டு பேருக்கும் சரி லா’ என்கிறாராம்.

மறுபடி கார் ஓட்டப் போகிறாயா என்று இவரைக் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டார். எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் அந்தக் காரை அவர் எவ்வளவு துடைப்பார் என்று எனக்குத் தெரியும். காரணம் கேட்டேன். காரில் போனபோது தன்னைப் பார்த்ததும் ஜனங்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள், இப்போது நிறுத்துவதில்லை, அது தனக்குப் பிடித்திருக்கிறது என்றார்.

உங்கள் ஜூன் மாதத்துக் கார்டைப் பற்றி இன்னும் எழுதவில்லை. ‘பிரேக் ரெண்டு பக்கமும் பிடிக்குதான்னு பார்க்கச் சொல். மழையில் போனால் செயினுக்கு எண்ணெய் விட வேண்டும்’ என்று எழுதியிருந்தீர்கள். யாரைச் சொல்கிறீர்கள் என்று எழுதவில்லை. நான் அந்தக் கார்டை அவர் கையில் கொடுத்தேன். மூன்று முறை படித்தார். அன்று காலையில்தான் செயினுக்கு எண்ணெய் விட்டிருந்தார். மறுபடியும் கீழே போய், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, இருட்டும்வரை எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கார்டு இப்போது அவருடைய பெட்டியில், சர்வீஸ் புத்தகத்துக்குள் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்டேன், தரமாட்டேன் என்கிறார்.

அப்பா, அம்மாவின் திதி இம்மாதம் பதினேழாம் தேதி வருகிறது. இத்தனை வருடமும் நீங்கள் அங்கே தனியாகவும் நான் இங்கே தனியாகவும் கும்பிட்டோம். இந்த முறை சேர்ந்து செய்யலாம். பதினாறாம் தேதி சனிக்கிழமை கூலாயில் காலை ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம். எங்கள் மாடிப்படி பன்னிரண்டுதான், முழங்காலுக்குச் சிரமம் இராது. வாழைக்காயும் முருங்கையும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் எதுவும் தூக்கிக்கொண்டு வரவேண்டாம்.

உங்கள் மருமகன் தஞ்சோங் பகார் ரயிலடியில் வந்து நிற்பார். அன்று காலை அவருக்கு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு நேரே வரவேண்டும். சீருடையிலேயே வந்தால் உங்களுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்று நான்கு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வழியில் மாற்றிக்கொள்ள ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மடித்துத் தயாராக வைத்திருக்கிறார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள். நீளமாக எழுத வேண்டாம், காரணமும் வேண்டாம். சீருடையா, சட்டையா என்று ஒரு சொல் போதும். அந்தக் கார்டை மட்டும் அவர் பெயருக்கே போடுங்கள் அப்பா.

உங்கள் ஆசியை எதிர்பார்க்கும் மகள்,
சந்திரமதி