மாடி அறைச் சுவர்

பங்குனி, செவ்வாய்

இன்று முனிசிபல் ஆபீஸிலிருந்து வந்த ஆள் மாடியை அளந்தார். புதிதாகக் கட்டிய அறையை இடித்துவிட வேண்டுமாம். கோயில் மலையைச் சுற்றி இவ்வளவு உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் எங்கள் மேஸ்திரி வாசற்படியிலிருந்து அளந்திருந்தார். வந்தவர் ரோட்டிலிருந்து அளந்தார்; உயரம் கூடிவிட்டது.

"மழை வந்தா ரோட்டுத் தண்ணி வூட்டுக்குள்ள வருதுங்க. அதான் பேஸ்மட்டத்த தூக்கிக் கட்னோம்," என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆங், புரியுதுங்க. ரூல்ல ரோட்லருந்துதான் கணக்கு." அவர் கோபப்படவில்லை. நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். புருஷன் வீட்டில் இனி இருக்க முடியாதென்று குழந்தையோடு அடுத்த வாரம் வந்துவிடுகிறாள். அந்த அறை அவளுக்குத்தான்.

"ஜன்னல்ல நின்னா மலை தெரியுதாம்மா?"

"ஆங், நல்லா தெரியுது."

போனை வைத்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். புதுச் சுவருக்குத் தினமும் தண்ணீர் விடுவது என் வேலை. இவர் பின்னாலேயே வந்தார்.

"இடிக்கப் போற செவுத்துக்கு இன்னாத்துக்குத் தண்ணி?"

குடத்தில் பாதி மீதி இருந்தது. அதையும் ஊற்றிவிட்டுத்தான் இறங்கினேன்.