கை கழுவாத பத்து நிமிடம்

அன்பு அக்காவுக்கு,

ஒரு முக்கிய அறிவிப்பு: நம் வீட்டுக் குளியலறைச் சோப்பு மூன்றாவது நாளாக உயிரோடு இருக்கிறது. முன்பெல்லாம் ஒரே நாளில் கரைந்து அமரராகிவிடும்.

நேரில் பாராட்டினால் தலையில் குட்டுவாய், அதனால்தான் கடிதம்.

நீ ஓயாமல் கை கழுவியதைச் சுத்தப் பைத்தியம் என்று கிண்டலடித்தவன் நான். உன் மனநல ஆலோசகர்தான் சொன்னார்: "கழுவறது நோய் இல்லப்பா. அது தினமும் நாலு மணி நேரத்தைத் தின்னுட்டு, படிக்கவும் போக விடலன்னாதான் நோய்." நீ பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நேற்று லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் உனக்கு அவர் கொடுத்த பயிற்சி. மின்படிக்கட்டின் கைப்பிடியைத் தொட்டுவிட்டு, பத்து நிமிடம் கழுவாமல் நிற்க வேண்டும்.

"டேய், தண்ணி பாட்டில ஒளிச்சு வை லா. நான் கேட்டாலும் குடுக்காத," என்றாய். ஒளித்து வைப்பதில் நான் புலியாயிற்றே!

விரல்களை விரித்தபடி நின்றாய். கண்ணீர் வழிந்தது. தீபாவளிக் கூட்டம் உன்னை இடித்துக்கொண்டு போனது. நீ நகரவில்லை. இப்படி ஒரு துணிச்சலை நான் பார்த்ததே இல்லை, அக்கா. நீ கை கழுவினாலும் கழுவாவிட்டாலும், நாங்கள் உன்னைக் கை கழுவப்போவதில்லை.

"பாட்டில உயிரக் குடுத்துக் காப்பாத்தினேன்மா," என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். பொய். ஆறாவது நிமிடமே எனக்குத் தாங்கவில்லை. பைக்குள்ளேயே மூடியைத் திறந்துவிட்டேன். என் கணக்கு நோட்டு நனைந்தது அதனால்தான். ஒரு தடவை கேட்டிருந்தாலும் நீட்டியிருப்பேன்.

நீ கேட்கவே இல்லை.

இப்படிக்கு,
உன்னைவிடப் பயந்துபோன
உன் தம்பி