உறவு போடாவிட்டால் மாமா

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பேரன் மாதவராஜ் ஓசூரில் இன்ஜினியர். பெரிய பேத்தி கோகிலவாணி சேலத்தில் நர்ஸ். அவள் ஊசி போட்டால் வலிக்கவே வலிக்காதாம், போட்டுக்கொண்டவர்கள் யாரும் சொல்லவில்லை. சின்னவள் யுவராணி பி.எஸ்சி. முதல் வகுப்பு. இப்போது இந்தப் பாலக்கோட்டு வீட்டில் உட்கார்ந்தபடியே ஜாவாஸ்கிரிப்ட் படிக்கிறாள். மாதவராஜின் மகள் காவேரிக்கு நான்கு பல் முளைத்துவிட்டது. அதுவும் சாதனைதான், எனக்கு அத்தனை இல்லை. ஐந்தாவதோடு நின்றவள் நான் ஒருத்திதான். அதனால் எல்லாரும் எனக்கு விளக்குகிறார்கள்.

29-ஆம் தேதி காவேரிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் கம்பைநல்லூர் மாதேஸ்வரன், மாதவராஜ் மனைவி நிர்மலாவின் அண்ணன். புது வீடு குடிபோன அன்று அவரை இரண்டாம் பந்தியில் உட்காரச் சொல்லிவிட்டான் என் இன்ஜினியர். சாப்பிடாமல் எழுந்து போனவர்தான், இன்றுவரை பேச்சில்லை. மன்னிப்புக் கேட்க எந்தக் காலேஜிலும் பாடம் வைக்கவில்லை போலும்.

ஆகஸ்ட் 13

குழந்தையே கூப்பிடுவது போல எல்லாருக்கும் போனில் அழைப்பு அனுப்பப் போகிறார்கள். அதற்கு யுவராணி கம்ப்யூட்டரில் ஒரு ஃபங்ஷன் எழுதுகிறாள்.

"மாவு மில்லு மாதிரி ஆயா. பேரும் உறவும் உள்ள போட்டா அழைப்பு வெளிய வரும். ஒரு தடவ எழுதுனா போதும், எத்தன பேருக்கு வேணா ஓட்டலாம்."

ராகி போட்டால் ராகி மாவு. இதற்கு மூன்று மாதப் படிப்பு.

ஆகஸ்ட் 14

மில் ஓடவில்லை. எழுதி வைத்துவிட்டு நாளெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அது வேலை செய்யுமாம். என் மகன் ரகம். ஆனால் இது கூப்பிட்டதும் வருகிறது.

ஆகஸ்ட் 15

இன்று வந்தது. எல்லா அழைப்பிலும் ஒரே சொல் — அன்டிஃபைன்டு. ஒன்றும் கிடைக்கவில்லை என்று அர்த்தமாம். உள்ளே சரியாக அரைத்துவிட்டு, அரைத்ததை வெளியே தள்ளும் 'ரிட்டர்ன்' எழுத மறந்துவிட்டாள். மாவு, மில்லுக்குள்ளேயே தங்கிவிட்டது. முதல் வகுப்பு!

ஆகஸ்ட் 18

காதுகுத்துக்காக வந்திருக்கும் நிர்மலா பெயர்களைப் போட்டுக் கொடுத்தாள். அண்ணன் பெயர் போட்டாள், நம்பர் போட்டாள். உறவு என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. "அப்புறம் போட்டுக்கறேன்" என்று எழுந்து போனாள். நான் நேரில் போய்க் கூப்பிடட்டுமா என்றேன்.

"வேணாங்க ஆயா. உங்க பேரன் போகட்டும்ங்க."

பேரனுக்கு வேலை மும்முரம்.

ஆகஸ்ட் 20

நாசமாப் போச்சு! யுவராணி எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். உறவைக் காலியாக விட்டால் ஃபங்ஷன் சும்மா இருக்காதாம், முன்பே எழுதி வைத்த ஒன்றை எடுத்துக்கொள்ளுமாம். இவள் எழுதி வைத்திருந்தது 'மாமா'.

"சோதிச்சுப் பாக்க வெச்சேன் ஆயா, எடுக்க மறந்துட்டேன்."

பால்காரர் சென்றாயன் மாமா. சரி, போகட்டும். எதிர்வீட்டுக்காரிக்குப் போனது இது: 'அன்புள்ள ஜானகியம்மாள் மாமா, நீங்கள் வந்தால்தான் நான் அழாமல் இருப்பேன் — காவேரி.' போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஏம்மா சென்னம்மா, மீசையோட வரட்டுமா, மழிச்சுட்டு வரட்டுமா?"

மாதேஸ்வரனுக்கும் போயிருக்கிறது. படித்துவிட்டார், நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இல்லை.

ஆகஸ்ட் 26

இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆசாரி வந்துவிட்டார், மடிக்குத்தான் ஆள் இல்லை. "யாராச்சும் ஒருத்தர் உக்காருங்க" என்றான் மாதவராஜ். பால்காரர் மாமா வேட்டியைச் சரி செய்துகொண்டார். அப்போது வாசலில் மாதேஸ்வரன் — தட்டில் தோடும் பட்டுப்பாவாடையுமாக. நிர்மலா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"வெத்தல பாக்கு வெச்சு யாரும் கூப்பிடல. புள்ள மாமான்னு கூப்பிட்டுச்சு, அதுக்கு வந்தேன்."

யாரையும் பார்க்காமல் போய் உட்கார்ந்து மடியைக் கொடுத்தார்.

முதல் பந்தியில் முதல் இலை அவருக்கு. மாதவராஜ் தானே நின்று பரிமாறினான்.

"தப்பு எம்மேலதான் மச்சான். இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?"

"போதும்ங்க மாப்ள."

என் இன்ஜினியர் இன்றுதான் பாஸ்.

குடும்ப வாட்ஸப் குரூப்பின் முகப்பில் இன்னும் அந்தக் குடிபோன நாள் படம்தான் இருக்கிறது. ஓரத்தில் எழுந்து போகிற அவர் முதுகு தெரிகிறது. அடியே யுவராணி, அதை எடுத்துவிட்டு இன்று எடுத்ததைப் போடு. மாமன் மடியில் காவேரி வாயைப் பிளந்து அழுகிறாளே, நான்கு பல்லும் தெரிகிறதே, அந்தப் படம்.